விரல் நீட்டலைன்னா ஆட்டிசமா?

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, சைக்காலஜிஸ்ட்டும் இல்லை. பகல்ல கணக்கு எழுதுறவன், ராத்திரியில பதிவு எழுதுறவன். ரெட் சிண்ட்ரோம் இருக்கிற ஒரு பொண்ணுக்குச் சித்தப்பாங்கிற ஒரே தகுதியில இதை எழுதறேன். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமை இல்லாதவங்க இப்பவே எஸ்கேப் ஆகிடலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

பேச்சு வராத குழந்தையைப் பார்த்தா டாக்டர்லேர்ந்து பக்கத்து வீட்டு மாமி வரைக்கும் எல்லார் வாயிலயும் இப்போ ஒரே வார்த்தைதான்: ஆட்டிசம். ஒரு காலத்துல அந்த வார்த்தையே தெரியாம "லூசு"ன்னு ஒதுக்கி வெச்ச ஊர் இது, அதனால இந்த மாற்றம் நல்லதுதான். என் சண்டை வார்த்தையோட இல்லை, அளக்கிற முறையோட. அபூர்வமான மரபணுக் கோளாறோட பிறந்த குழந்தையை, ஆட்டிசத்துக்குன்னு செஞ்ச அளவுகோல் முன்னாடி நிறுத்தி, கூட்டிப் பார்த்து ஒரு நம்பரை அம்மா கையில கொடுத்து அனுப்பறாங்களே, அந்த நம்பருக்கு என்ன அர்த்தம்? பல நேரம் ஒரு அர்த்தமும் இல்லைங்கறேன்.

ரெட் சிண்ட்ரோமையே எடுத்துக்குவோம். வியன்னாவில ஆண்ட்ரியாஸ் ரெட்னு ஒரு குழந்தை டாக்டர். 1954-ல அவரோட காத்திருப்பு அறையில ரெண்டு பொண்ணுங்க அவங்கவங்க அம்மா மடியில உட்கார்ந்து, ஒரே மாதிரி கையைக் கழுவறாப்ல பிசைஞ்சுக்கிட்டு இருந்ததைப் பார்த்தார்னு சொல்வாங்க. 1966-ல எழுதினார், உலகம் கண்டுக்கலை. 1983-ல ஹாக்பர்க் குழுவினர் 35 பொண்ணுங்களைப் பற்றிக் கட்டுரை போட்ட பிறகுதான் இந்தப் பேரே பரவிச்சு. அந்தக் கட்டுரைத் தலைப்பிலேயே ஆட்டிசம்ங்கிற வார்த்தை இருந்தது! 1994-ல வந்த டிஎஸ்எம்-4, ரெட்டை ஆட்டிசத்தோட ஒரே பந்தியில உட்கார வெச்சது. 1999-ல ஹூடா சோக்பியோட ஆய்வகம் எம்இசிபி2-ங்கிற மரபணுதான் காரணம்னு கண்டுபிடிச்சது. 2013-ல வந்த டிஎஸ்எம்-5 ரெட்டைப் பந்தியிலிருந்து எழுப்பி அனுப்பிச்சு. ஏறக்குறைய பத்தாயிரம் பெண் குழந்தைகளுக்கு ஒருத்தர்னு கணக்கு.

புத்தகத்துல எழுப்பி அனுப்பியாச்சு. மதிப்பீடு செய்யற அறையில இன்னும் அனுப்பலை.

இந்தப் பொண்ணுங்க ஆறு மாசம், ஒரு வருஷம் வரைக்கும் ஓரளவு சரியாத்தான் வளர்றாப்ல தெரியும். அப்புறம் வந்த பேச்சு போயிடும், பொம்மையைப் பிடிச்ச கை பிடிக்காது. ஆசை போகலைங்க, கைதான் போச்சு. மூளை சொல்றது கைக்கு வந்து சேர்றதில்லை. பதிலுக்கும் நேரம் பிடிக்கும். கூப்பிட்டா உடனே திரும்ப மாட்டா; பத்து செகண்டோ அதுக்கு மேலயோ கழிச்சுத் திரும்புவா. அதுக்குள்ள நம்மாளு "பேரைக் கூப்பிட்டால் கவனிக்கவில்லை"ன்னு டிக் போட்டிருப்பார்.

இப்போ கணக்கு. (நம்ம தொழில் ஆச்சே.) நம்ம நாட்டுல ஆட்டிசத்தோட அளவைப் போட பரவலாப் பயன்படுறது ஐ.எஸ்.ஏ.ஏ. 40 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 1 முதல் 5 வரைக்கும் மதிப்பெண். ஒண்ணுமே இல்லாத குழந்தைக்கும் குறைஞ்சது 40 வரும். 70-ஐத் தொட்டா லேசான ஆட்டிசம், 107-லேர்ந்து மிதமானது, 153-ஐத் தாண்டினா தீவிரம். ரெட் பொண்ணு ஒருத்தியை இதுல உட்கார வைங்க. வந்த பேச்சு போயிடுச்சா? 5. சைகையால சொல்ல முடியலையா? 5. உரையாடல் தொடங்க, தொடர முடியலையா? பேச்சே இல்லை, 5. பேச்சைச் சந்தர்ப்பத்துக்கு ஏத்த மாதிரி பயன்படுத்தத் தெரியலையா? 5. கையைத் திரும்பத் திரும்ப அசைக்கிறாளா? நாள் முழுக்க, 5. முறை வெச்சு விளையாட வரலையா, சிநேகிதங்க இல்லையா, தனியாவே இருக்காளா? மூணுக்கும் 5. எட்டு கேள்வியில 40 ஆச்சு. மீதி 32 கேள்வியிலயும் அவளுக்கு ஒரு குறையும் இல்லை, கண்ணைப் பார்க்கிறா, சிரிக்கிறா, மடியில வந்து ஒட்டிக்கிறான்னு எல்லாத்துக்கும் 1 போடுங்க. மொத்தம் 72. ஆட்டிசம்! முத்திரை குத்தியாச்சு, அடுத்த டோக்கன் வரலாம்.

இதுல அளவுகோலைத் திட்டி என்ன ஆகப்போகுது? கை வேலை செய்யற, நடக்கிற குழந்தையை மனசுல வெச்சுச் செஞ்சது அது. வெளிநாட்டுல தங்கத் தராசுன்னு கொண்டாடற ஏடாஸ், ஏடிஐ-ஆர் கதையும் இதேதான். ஏடிஐ-ஆர் கேள்வித்தாளை மனவளர்ச்சி ரெண்டு வயசுக்குக் கீழ இருக்கிறவங்களுக்குப் பயன்படுத்தாதீங்கன்னு அதைச் செஞ்சவங்களே சொல்லியிருக்காங்க. காரணம் எளிசு. பத்து வயசுப் பிள்ளையோட வளர்ச்சி ஒரு வயசு அளவுல நின்னிருந்தா, ஒரு வயசுக் குழந்தை செய்யாத எல்லாத்தையும் அதுவும் செய்யாது. பாவனை விளையாட்டு விளையாடாது. அது ஆட்டிசமா, வளர்ச்சி நின்னதாங்கிறதைக் கூட்டல் கணக்கு பிரிச்சுக் காட்டாது. ஒரு மனுஷன் உட்கார்ந்து யோசிக்கணும். நம்ம அறைகள்ல பஞ்சம் அதுக்குத்தான்.

அண்ணன் பொண்ணை மூணு வயசுல ஒரு இடத்துக்குக் கூட்டிப்போனோம். இடத்தோட பேர் வேண்டாம். நாற்பது நிமிஷம். அதுல இருபது நிமிஷம் அவ தூக்கக் கலக்கத்துல இருந்தா, வலிப்பு மருந்து கொடுத்த நேரம் அப்படி. மருந்து பற்றி யாரும் கேட்கலை. மேஜையில வளையத்தை வெச்சு "எடுத்துக் குச்சியில போடு"ன்னாங்க. அவ வளையத்தைப் பார்த்தா, அந்த அம்மாவைப் பார்த்தா, மறுபடி வளையத்தைப் பார்த்தா. எங்க அண்ணி, "மேடம், அவ கேட்கிறா பாருங்க, கண்ணாலதான் கேட்பா"ன்னாங்க. "கண்ணுக்கு இதுல கட்டம் இல்லைம்மா"ன்னு பதில் வந்தது. யோசிச்சுப் பாருங்க மக்களே. பொருளையும் ஆளையும் மாத்தி மாத்திப் பார்த்து தன் விருப்பத்தைச் சொல்றதுதான் ஆட்டிசக் குழந்தைங்ககிட்ட குறையா இருக்கும்னு இதே துறைக்காரங்க சொல்லுவாங்க. அது கண் முன்னாடி நடக்குது, கட்டம் இல்லையாம்.

வயசும் ஒரு விஷயம். ரெட்ல ஒண்ணுலேர்ந்து நாலு வயசுக்குள்ள ஒரு சரிவு வரும். அப்போ குழந்தை தனக்குள்ள போயிடறா, அழறா, யாரையும் பார்க்கிறதில்லை. அந்த நேரத்துல யார் பார்த்தாலும் ஆட்டிசம்னுதான் தோணும். சரிவு நின்ன பிறகு பலருக்குப் பார்வை திரும்பி வரும், மனுஷங்க மேல ஆசை திரும்பி வரும். டிஎஸ்எம்-5-லயே இது எழுதியிருக்கு. ஆனா மூணு வயசுல போட்ட நம்பரை ஏழு வயசுல யாராவது திரும்பப் பார்க்கிறாங்களா? ஃபைல்ல ஒட்டினது ஒட்டினதுதான்.

ரெட் மட்டும்னு நினைச்சுடாதீங்க. ஃப்ரஜைல் எக்ஸ் பையன் கையை நீட்டிக் குலுக்குவான், முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்குவான். உங்ககிட்ட வர ஆசை, பார்த்தா பயம். தாள்ல அது "கண் தொடர்பு இல்லை"ன்னு ஒரே வரியா ஆயிடும். ஏஞ்சல்மேன் குழந்தை நேர் எதிர்: யாரைப் பார்த்தாலும் சிரிச்சுக்கிட்டே மேல விழும், ஆனா பேச்சு அநேகமா இருக்காது, கையை உதறும். இவங்க மூணு பேரும் ஒரே நம்பர் வாங்கிட்டு ஒரே வகுப்புல உட்காரலாம். மூணு பேருக்கும் தேவை வேற வேற.

இதைப் படிச்சு "அதானே, ஜீன் ரிப்போர்ட் வந்துட்டா ஆட்டிசம் பேச்சே வேண்டாம்"னு குஷி ஆகிற கோஷ்டிக்கும் ஒரு குட்டு. அதுவும் ஜல்லிதான். ட்யூபரஸ் ஸ்கிளிரோசிஸ் உள்ள குழந்தைங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு உண்மையாவே ஆட்டிசம் இருக்கு. "அதெல்லாம் அந்த வியாதியோட குணம், வலிப்பைக் கவனிங்க போதும்"னு அனுப்பிட்டா, சின்ன வயசுல கிடைக்க வேண்டிய பயிற்சி போயிடுது. மரபணுக் காரணம் தெரிஞ்சாலும் ஆட்டிசம்னு சொல்லலாம், கூடவே அந்தக் காரணத்தையும் எழுதுங்கன்னுதான் டிஎஸ்எம்-5 சொல்லுது. ரெண்டும் சேர்ந்து இருக்கலாம், ஒண்ணு மட்டும் இருக்கலாம். எதுன்னு பார்க்கிறதுதானே மதிப்பீடு?

"சர்டிபிகேட் வேணுமே, அதுக்காவது அந்த நம்பர் உதவுதே"ன்னு பெத்தவங்க கேட்பாங்க. நியாயம். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல 21 வகை இருக்கு, ரெட்ங்கிற பேர் அதுல இல்லை. 40 சதவீதம் காட்டினாத்தான் கதவு திறக்கும். அதனால எந்தப் பேர்ல கிடைக்குதோ அந்தப் பேர்ல வாங்குறாங்க. அவங்களை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனா அறிவுத்திறன் குறைபாடு, பன்முகக் குறைபாடுன்னு வேற வழியும் அதே சட்டத்துல இருக்குன்னு எத்தனை பேருக்குச் சொல்லியிருக்காங்க? அதைவிட, ஆபீஸுக்காக எழுதின பேரை வைத்தியத்துக்கும் வெச்சுக்கிறாங்க பாருங்க, அங்கதான் வயிறு எரியுது.

ஏன்னா ரெட் பொண்ணுக்கு இதயத் துடிப்புல க்யூடி இடைவெளி நீளறது உண்டு. ஈசிஜி எடுத்துப் பார்க்கணும். ஆட்டிசக் குழந்தைங்களுக்கு எரிச்சல் அடங்கன்னு எழுதித் தர்ற ரிஸ்பெரிடோன் மாதிரி மருந்துங்க இந்த இடைவெளியை இன்னும் நீட்டலாம். முதுகெலும்பு வளையுதான்னு வருஷா வருஷம் பார்க்கணும். எடை, வலிப்பு, மூச்சு எல்லாம் பார்க்கணும். வெறும் "ஆட்டிசம், மிதமானது"ன்னு எழுதின ஃபைல் இதுல எதையுமே கேட்காது. வளையத்தைக் குச்சியில போடத்தான் சொல்லும், வாரம் மூணு நாள், வருஷக்கணக்கா, கேட்காத கையை வெச்சுக்கிட்டு. 2023 மார்ச்ல அமெரிக்காவில ரெட்டுக்குன்னே முதல் மருந்தா ட்ரோஃபினடைடுக்கு அனுமதி கொடுத்தாங்க. ஆட்டிசம்னு மட்டும் எழுதி வெச்ச வீட்டுக்கு அந்தச் செய்தி தங்களுக்கானதுன்னே தெரியாது. சொந்தக்காரங்க வேற "செல்போன் காட்டித்தான் இப்படி ஆச்சு"ன்னு அம்மா தலையிலயே போட்டுட்டுப் போவாங்க. ரெட் பெரும்பாலும் புதுசா வர்ற மரபணு மாற்றம், பெத்தவங்க கொடுத்ததே இல்லை. செல்போனாம்!

இந்த மாதிரி வீடு உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா, அடுத்த மதிப்பீட்டுக்குப் போறப்போ இதையெல்லாம் கேட்கச் சொல்லுங்க. குழந்தையோட வளர்ச்சி வயசு எவ்வளவுன்னு முதல்ல பார்த்தீங்களா? கையாலயும் வாயாலயும் முடியாததை எந்தக் கேள்வியில எல்லாம் குறையா எண்ணியிருக்கீங்க, அதைத் தனியா எழுதித் தருவீங்களா? கேள்வி கேட்டுட்டு எவ்வளவு நேரம் காத்திருந்தீங்க? வீட்டுல எடுத்த வீடியோ இருக்கு, பார்ப்பீங்களா? ரெண்டு வருஷம் கழிச்சுத் திரும்பப் போடுவீங்களா?

எங்க அண்ணி இதை ஒரு தாள்ல எழுதிப் பர்ஸுல வெச்சிருக்காங்க. போன தடவை போன இடத்துல அந்தத் தாளை வாங்கி ஒரு சின்ன வயசு சைக்காலஜிஸ்ட் முழுசாப் படிச்சுப் பார்த்துட்டு, "ஒரு காப்பி எடுத்துக்கட்டுமா?"ன்னு கேட்டாங்களாம்.