அழுகைக்குத் தணிக்கை வேண்டாம்



ஒக்டோபர் 30 நெருங்கினால் இரண்டு பக்கத்தாலும் எங்களுக்குப் புத்திமதி வருகிறது. "பழைய புண்ணைக் கிளறாதீர்கள்" என்கிறார்கள் தமிழ் நண்பர்கள் சிலர். "அழுது என்ன கிடைக்கும், ஆகிற அலுவலைப் பாருங்கள்" என்கிறார்கள் எங்கள் ஆட்களே சிலர். இருவருக்கும் பதில் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு சித்திரப் போட்டியில் "எனது ஊர்" என்று தலைப்புக் கொடுத்தார்கள். எங்கள் பிள்ளை ஒருத்தி பூட்டிய வீட்டையும் வாசலில் ஒரு துணிப்பையையும் வரைந்தாள். அது உம்மம்மா சொன்ன கதை. "இது வேண்டாம், பனையும் கடலும் வரை" என்றார்கள். அப்படியென்றால் எங்கள் ஊர் எது?

தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. அதில் அழுகையும் ஒன்று. அது பிறக்கும் காரணங்கள் நான்கு: இழிவுபடுவது, இழப்பது, முன்பிருந்த நிலை கெடுவது, வறுமைப்படுவது. 1990இல் புலிகள் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் சுமார் 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ் நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். நான்கு காரணங்களும் ஒரே நாளில் வந்தன. தமிழின் இலக்கணமே இடம் கொடுத்த அழுகையை யார் தடுப்பது?

"அழுதால் பகை வளரும்" என்பார்கள். அதே தொல்காப்பியம் வெகுளியைத் தனி மெய்ப்பாடாகவே வைத்திருக்கிறது. அழுகை வேறு, கோபம் வேறு. சொல்லவும் வரையவும் பாடவும் விடாத அழுகைதான் உள்ளே கிடந்து கோபமாகப் புளிக்கிறது. கலை புண்ணைக் கிளறுவதில்லை, கழுவுகிறது. கழுவும்போது எரியத்தான் செய்யும்.

1981இல் யாழ். பொது நூலகம் சுமார் 97,000 நூல்களோடு எரிந்தது. அந்தத் துயரைச் சொல்லும் கவிதை என்றால் இன்றும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது "புத்தரின் படுகொலை". எழுதியவர் எம்.ஏ. நுஃமான், கல்முனைப் பக்கத்து முஸ்லிம். "இது உங்கள் துயரம், எனக்கென்ன" என்று அவர் ஒதுங்கவில்லை. அந்தக் கவிதையை யாழ்ப்பாணம் தன்னுடையதாக எடுத்துக்கொண்டது. 1990ஐ எழுதிய தமிழ்ப் படைப்பாளிகளும் உண்டு, அவர்களை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் நூலகம் எரிந்ததைப் போல சோனகத் தெரு வெறிச்சோடியதும் இந்த ஊரின் பொதுத் துயரம் என்று எத்தனை மேடையில் கேட்டிருக்கிறோம்?

இனி எங்கள் ஆட்களுக்கு. அழுவது ஈமானுக்குக் குறைவு என்று பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். நபி (ஸல்) அவர்கள் தம் மகன் இப்றாஹீமின் மரணத்தில் கண்ணீர் விட்டார்கள். யூசுஃபைப் பிரிந்த யஃகூப் நபியின் கண்கள் துயரத்தால் வெளுத்ததைக் குர்ஆன் சொல்கிறது. கணிதத்தில் ஏ எடுக்கட்டும், நல்லது. ஆனால் தன் வீட்டுக் கதையைச் சொல்லத் தெரியாத பிள்ளைக்காக, அந்தக் கதையை வேறு யாரோ தங்களுக்கு வசதியான மாதிரிச் சொல்வார்கள்.

ஆகவே நாங்கள் கேட்பது பெரிய விஷயமில்லை. ஒக்டோபர் 30இல் நூலகம் எரிந்த கவிதையையும் சோனகத் தெருவின் கதைகளையும் ஒரே மேடையில் வாசிப்போம். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் மாறி மாறி வாசிக்கட்டும். இடம் சொல்லுங்கள், நாங்கள் பிள்ளைகளோடு வருகிறோம்.