பாதியில் நிறுத்திய அதிகாரம்

தியானப் பகுதி: நீதிமொழிகள் 31:10-31



பெண்ணின் இடம் எது என்ற வழக்கு நம் நாட்களில் தொடங்கியதன்று. மாயூரத்தில் முன்சீபாகப் பணியாற்றிய வேதநாயகம் பிள்ளை என்னும் கிறிஸ்தவர், 1869இல் ‘பெண்மதி மாலை’யை வெளியிட்டுப் பெண்கல்விக்காக வாதாடினார். தாய் கற்றால் பிள்ளைகளும் குடும்பமும் நலம்பெறும் என்பது அவ்வாதத்தின் ஒரு தூண். மறுப்பவன் எதை நேசிக்கிறானோ, அதையே சாட்சியாக நிறுத்தும் வழி அது. வீட்டை நேசிக்கும் தகப்பன் அதற்கு எளிதில் மறுமொழி கூற இயலாது.

1879இல் அவர் கதையின் மூலம் பேசினார். ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தின் ஞானாம்பாள் ஒரு நாட்டையே ஆளுகிறாள், ஆனால் ஆண் வேடத்தில்! பெண்ணின் அறிவை ஒப்புக்கொண்ட காலமும் அவளை அவளாகவே அரியணையில் காணத் தயங்கியது போலும்.

இவ்வாதங்களுக்கு நாம் கடன்பட்டவர்கள். எனினும், குடும்பத்தின் நலனுக்காகவே பெண் கற்கவேண்டும் என்றால், மணமாகாதவளுக்கும் பிள்ளையற்றவளுக்கும் விதவைக்கும் என்ன சொல்வோம்? நம் திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கத்தில் நிற்பவரே ஒரு விதவையல்லவா? 1778இல் ஞானஸ்நானம் பெற்ற கிளாரிந்தா அம்மையாரின் முயற்சியால் பாளையங்கோட்டையில் எழுந்த ஆலயம் 1785இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. பெண்ணும் தேவசாயலாகச் சிருஷ்டிக்கப்பட்டாள் (ஆதியாகமம் 1:27) என்பதே நமக்கு முதற்காரணமாக இருக்கட்டும்.

எதிர்வாதம் பெரும்பாலும் வேதத்தைப் பாதியில் நிறுத்துகிறது. ‘ஏற்ற துணை’ (ஆதியாகமம் 2:18) என்பதைக் காட்டி, துணை என்றால் தாழ்ந்தவள் என்று முடிக்கிறார்கள். சங்கீதம் 33:20 கர்த்தரையே நமக்குத் துணை என்கிறது. ஈரிடத்திலும் எபிரெயச் சொல் ஒன்றே. பெண் உபதேசிக்கலாகாது என்று 1 தீமோத்தேயு 2:12ஐ எடுப்பவர்கள், அப்பொல்லோவுக்குத் தேவ மார்க்கத்தை விளக்கினவர்களில் பிரிஸ்கில்லாளும் ஒருத்தி (அப்போஸ்தலர் 18:26) என்பதையும் சேர்த்து வாசிக்கவேண்டும்.

இந்தக் குற்றம் எனக்கும் உண்டு. குணசாலியான ஸ்திரீயைக் குறித்துப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். இருட்டோடே எழுந்து வீட்டாருக்கு ஆகாரம் கொடுக்கிறாள் (வச. 15) என்பதோடு நிறுத்திவிட்டேன். அடுத்த வசனத்தில் அவள் வயல் வாங்குகிறாள், பின்பு வர்த்தகரிடம் விற்கிறாள், ஞானமாய்ப் பேசுகிறாள். முடிவில் அவளுடைய புகழ் அடுக்களையில் அல்ல, மூப்பர்கள் அமரும் வாசல்களில் ஒலிக்கிறது (வச. 23, 31).

குலசேகரன்பட்டினத்தைச் சுற்றியுள்ள தேரிக்காட்டு மக்களுக்கு இது அந்நிய உபதேசமா? ஆண் பனையேறிப் பதனீர் இறக்கினார். விடிலியில் அடுப்புப் புகையோடு அதைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்கியவர் அவர் மனைவி. பெண் உழைப்பது புதுமையன்று. அவ்வுழைப்புக்குரிய மரியாதையையும் முடிவெடுக்கும் இடத்தையும் கொடுப்பதே நமக்குப் புதுமையாயிருக்கிறது.

இவ்வாரக் குடும்ப ஜெபத்தில் அந்த அதிகாரத்தைக் கடைசி வசனம்வரை சத்தமாய் வாசியுங்கள். மகளின் மேற்படிப்பைப் பேசும்போதும், சபைக் கமிட்டிக்குப் பெயர்களை முன்மொழியும்போதும் அந்த வாசல்களை நினைவுகூருங்கள்.

கர்த்தர்தாமே நம் கண்களைத் திறப்பாராக. ஆமென்.