துடைப்பம் யார் கையில்?

பழைய செய்தித்தாள் இருபது தாள், ஒரு பசை டப்பா, அரை மணி நேரம். ஐந்து பேர் சேர்ந்து, மேலே ஒரு புத்தகத்தை வைத்தாலும் சாயாத கோபுரம் கட்ட வேண்டும். ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாங்கள் கொடுத்த சவால் இது.

பத்து நிமிடத்துக்குள் ஒரு குழுவில் வேலை பிரிந்துவிட்டது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஊர்த்தெருப் பையன்கள் கட்டினார்கள். காலனியிலிருந்து வரும் சிறுமி தாள் எடுத்துக் கொடுத்தாள், சிந்திய பசையைத் துடைத்தாள். கோபுரம் இரண்டு முறை சரிந்தது. "குறுக்கே ஒண்ணு கட்டணும், எங்கப்பா சாரத்துக்கு அப்படித்தான் கட்டுவாரு" என்றாள் அவள். தாளைச் சுருட்டிக் குறுக்கே ஒட்டினார்கள். கோபுரம் நின்றது.

நாற்கரச் சட்டம் நெளியும், முக்கோணம் நெளியாது. பொறியியல் கல்லூரியில் சொல்லித் தரும் பாடம் அது. ஆனால் கரும்பலகை முன் நின்று விளக்கியவன் வேறொருவன். அவள் கீழே கிடந்த காகிதத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நாங்களும் அவனுக்கே கைதட்டினோம். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

சேர்ந்து வேலை செய்தால் சாதி கரைந்துவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. சாதியே காலங்காலமாக நடக்கும் ஒரு 'குழுவேலை'தானே தோழர்களே? ஒருவர் யோசிப்பார், இன்னொருவர் சுமப்பார், கடைசியில் ஒருவர் கூட்டுவார். இது வெறும் வேலைப் பிரிவினைதான் என்றவர்களுக்கு 1936இலேயே 'சாதி ஒழிப்பு' உரையில் அண்ணல் பதில் எழுதிவிட்டார். அவர் பள்ளியில் தனிச் சாக்கில் உட்கார்த்தப்பட்டார். இன்று பிள்ளைகள் ஒரே பாயில் உட்காருகிறார்கள். வேலை மட்டும் இன்னும் தனித்தனி.

அதற்காகச் செய்முறைப் பாடமே வேண்டாம் என்பதா? இல்லை. உழைக்கும் வீட்டுப் பிள்ளைகளின் கையறிவு வகுப்பறைக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் கிடையாது. விதிகளைத்தான் மாற்ற வேண்டும்.

அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் 1971இல், கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகள் ஒரே பள்ளியில் சேர்க்கப்பட்டு மோதல் வெடித்தபோது, உளவியலாளர் எலியட் ஆரன்சன் பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தார். ஆளுக்கொரு துண்டு. ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்காவிட்டால் யாருக்கும் பாடம் முழுமையாகாது. கேட்டே ஆகவேண்டிய நிலையை அவர் விதியாகவே வைத்தார். நாங்குநேரிக் கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழுவும், மாணவர்களை அகரவரிசைப்படி உட்கார வைக்கச் சொன்னது. பழக்கத்துக்கு விட்டால் சாதிதான் இடம் போடும் என்பதே இரண்டிலும் உள்ள பாடம்.

மாலை வகுப்பு நடத்தும் தம்பி தங்கைகளே, அடுத்த முறை குழுவைச் சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். கட்டுவது, அளப்பது, எழுதுவது, பேசுவது எல்லாவற்றையும் சுழற்சியில் விடுங்கள். யோசனை யாருடையதோ அவர் பெயரைப் பலகையில் எழுதுங்கள். முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து கூட்டுங்கள், நீங்களும்தான்.

கோபுரம் எத்தனை அடி நின்றது என்று பிறகு அளக்கலாம். முதலில் துடைப்பம் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்.