மானியம் வரும்வரை அரிசிக்கு யார் பொறுப்பு?

போன வாரம் கனகமூலம் சந்தையில் ஏத்தங்காய் விலை கேட்டுக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து ஒருவர், "சார், நீங்க முன்ன மானியம் செக்‌ஷன்ல இருந்தீங்கல்லா?" என்றார். ஓய்வு பெற்றுப் பதினைந்து ஆண்டுகள் தாண்டிவிட்டன. இன்னும் சிலருக்கு நான் அந்த மேசைக்காரன்தான். அவர் பக்கத்து ஊரில் ஒரு முதியோர் இல்லம் நடத்துகிறவர். மஞ்சள் பைக்குள் ஒரு கோப்பு வைத்திருந்தார். வீட்டுக்கு வாருங்கள் என்று கூட்டி வந்தேன்.

அவருடைய சிக்கல் இதுதான். முந்தின ஆண்டுக்கான மானியம் மார்ச் கடைசி வாரத்தில்தான் வங்கிக் கணக்குக்கு வந்திருக்கிறது. ஆண்டு முழுவதும் கடனுக்கு வாங்கிய அரிசி, பருப்பு, மருந்து எல்லாவற்றுக்கும் அவர் ஒரே நாளில் செக் எழுதித் தீர்த்திருக்கிறார். இப்போது பயன்பாட்டுச் சான்றிதழைத் திருப்பி அனுப்பி ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள்: ஓராண்டு அரிசிக்கான பணத்தை ஒரே நாளில் கொடுத்தது ஏன், விளக்கம் தருக.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. காப்பி ஆறிக்கொண்டிருந்தது. "சார், பணத்த ஒரே நாள்ல தந்தது அவங்கதானே?" என்றார்.

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அதே மாதிரிக் கேள்விகளை எழுதித்தான் நான் சம்பளம் வாங்கினேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எந்த ஊர், எந்த அலுவலகம் என்பது வேண்டாம். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான ஓர் இல்லத்தின் கோப்பு என் மேசைக்கு வந்தது. சில ரசீதுகளில் ரெவின்யூ ஸ்டாம்ப் இல்லை. ஒரு வவுச்சரில் தேதி அடித்துத் திருத்தப்பட்டிருந்தது. விதிப்படி ஆட்சேபணை எழுதித் திருப்பினேன். அவர்கள் சரி செய்து அனுப்பினார்கள். அது தபாலில் சில நாள் கிடந்தது. கண்காணிப்பாளர் விடுப்பில் இருந்தார். அவர் வந்த பிறகு இன்னொரு சந்தேகம் எழுந்தது. அதற்குள் மார்ச் 31 கடந்துவிட்டது. ஒதுக்கீட்டுத் தொகை அரசுக்கே திரும்பிப் போயிற்று. புது நிதியாண்டில் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த இல்லத்தை நடத்திய அம்மா ஜூன் மாதம் அலுவலகத்துக்கு வந்தார். வழக்கமாகப் போட்டிருக்கும் இரண்டு வளையல்களும் கையில் இல்லை. நான் கவனித்தேன், ஆனால் கேட்கவில்லை. கேட்கிற உறவா எனக்கு? அவருக்கு அரிசி கொடுத்த கடைக்காரர் எனக்கும் பழக்கம். பிறகொரு நாள் அவர்தான் சொன்னார்: "அந்த அம்மா வளையல அடகு வச்சுத்தான் சார் எனக்குப் பாக்கி தந்தாங்க. புள்ளைங்க பட்டினி கெடக்கக் கூடாதுல்லா."

நான் எழுதிய குறிப்பில் தவறில்லை. இன்றைக்கு எடுத்துப் படித்தாலும் ஒரு கமா கூடப் பிசகியிருக்காது. அந்தக் காலத்தில் அதில் எனக்குப் பெருமை கூட இருந்தது. என் பள்ளிக்கூட ஆசிரியர்கள் கற்றுத்தந்த பழக்கம் அது.

தாமதமாக வரும் மானியம் மானியமே இல்லை என்று இப்போது நினைக்கிறேன். பதினோரு மாதம் கழித்துப் பணம் வந்தால், அந்தப் பதினோரு மாதமும் அரசுக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்தவர் யார்? இல்லத்தை நடத்துகிறவர், அரிசிக்கடைக்காரர், சம்பளம் வாங்காமல் வேலைக்கு வந்த ஆயா. அவர்கள் கொடுத்த கடனுக்குக் காகிதம் கிடையாது. அரசு கொடுத்த பணத்துக்கு மட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் உண்டு. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017 எடுத்துக்கொள்ளுங்கள். மானியம் வாங்கிய நிறுவனம் நிதியாண்டு முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் சான்றிதழ் தர வேண்டும் என்று விதி 238 சொல்கிறது. தராவிட்டால் அடுத்த மானியம் நிற்கும். நியாயம்தான். அலுவலகம் தாமதித்தால் எது நிற்கும்? நான் பார்த்தவரையில் யாருடைய இன்கிரிமென்டும் நின்றதில்லை.

நம் கண்முன் இருக்கும் உதாரணத்துக்கு வருகிறேன். வடசேரி பேருந்து நிலையத்தில் கடைசி வண்டிகள் போன பிறகு நடந்து பாருங்கள். துண்டை விரித்துப் படுத்திருக்கும் வயதானவர்களைப் பார்க்கலாம். இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் உச்ச நீதிமன்றம் 2010இல், நகரங்களில் லட்சம் பேருக்கு ஒன்று என்ற கணக்கில் இருபத்து நாலு மணி நேரமும் இயங்கும் தங்குமிடம் வேண்டும் என்று உத்தரவிட்டது. 2013இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தில் வீடற்றோர் தங்குமிடம் ஒரு பகுதியாகச் சேர்ந்தது. உள்ளாட்சி அமைப்பு இடம் கொடுக்கும், தொண்டு நிறுவனம் நடத்தும், மத்திய மாநில அரசுகள் பணத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் என்பது ஏற்பாடு. 2011 கணக்கெடுப்பில் நாகர்கோவில் மக்கள்தொகை 2,24,849. நீதிமன்றக் கணக்குப்படி நமக்கே இரண்டு வேண்டும்.

அந்தத் திட்டத்தில் 50 பேர் தங்கும் ஒரு விடுதியை நடத்த ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் என்று வைத்தார்கள். பழைய கிளார்க் புத்தி, உடனே வகுத்துப் பார்த்தேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு 33 ரூபாய்கூட வரவில்லை. மேலாளர், பராமரிப்பாளர் சம்பளம், மின்சாரம், துப்புரவு எல்லாம் இதற்குள். நம்மூர் டீக்கடையில் இரண்டு டீயும் ஒரு வடையும் சாப்பிட்டால் தீர்ந்துபோகும் தொகை. மீதியை நடத்துகிற நிறுவனம்தான் ஊரில் கையேந்திச் சேர்க்க வேண்டும். இந்தத் தொகையும் தாமதமானால் என்ன ஆகும் என்று கேட்க வேண்டியதில்லை. திட்டம் 2024 செப்டம்பரோடு முடிந்தது. திட்டத்துக்கு முடிவுத் தேதி போட முடிகிறது. தங்கியிருக்கும் கிழவருக்கு யார் தேதி போடுவது?

'மானியம்' என்ற சொல்லுக்கு நம் ஊரில் முன்பு வேறு பொருள் இருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். வரி இல்லாமல் கொடுத்த நிலத்துக்குப் பெயர் மானியம். நம் மாவட்டத்திலேயே பார்த்திவசேகரபுரம் இருக்கிறது. கி.பி. 866இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் அங்கே கோயில் எடுத்து, 95 மாணவர்கள் உண்டு தங்கிப் படிக்கும் சாலை ஒன்றையும் அமைத்தான். செப்பேடு கிடைத்திருக்கிறது. கோயில் கட்டிய இடத்தைக்கூட முஞ்சிறைச் சபையாரிடம் பறிக்கவில்லை. பதிலுக்கு வேறு நிலம் கொடுத்து வாங்கினான். மாணவர் ஒழுங்கு தவறினால் தண்டம் என்பதுவரை அதில் எழுதியிருக்கிறது. ஆகவே அன்றும் நிபந்தனை இருந்தது, கணக்கு இருந்தது. ஆனால் சோற்றுக்கு ஆதாரம் நிலம். கன்னிப்பூ அறுத்தால் நெல் வரும், கும்பப்பூ அறுத்தால் மறுபடி வரும். நெல்லுக்கு மார்ச் 31 தெரியாது.

ராஜா காலத்தைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. திருவிதாங்கூர் ஊட்டுபுரைகளில் அரசாங்கச் செலவில் பிராமணர்களுக்குத்தான் சோறு போட்டார்கள். அந்த நெல்லை விளைவித்தவன் வெளியே நின்றான். இன்றைய மானியம் ஒரு சாதிக்கு மட்டும் என்று போவதில்லை. அந்த வகையில் நம் குடியரசு எத்தனையோ மேல். வேளைக்கு வருவதில்தான் பழைய நெல்லுக்குப் பின்னால் நிற்கிறது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்று முன்பே எழுதியிருக்கிறேன். பிரெஞ்சில் மானியத்துக்கு 'சுப்வான்சியோன்' என்பார்கள். உதவிக்கு வருதல் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. பிரான்சில் சங்கங்களுக்கான சட்டம் 1901 ஜூலை 1இல் வந்தது. இன்றும் அங்கே தொண்டுச் சங்கங்கள் பலவும் அந்தச் சட்டத்தின்கீழ்தான் பதிவாகின்றன. நகரசபைகள் அவற்றுக்கு மானியம் தருகின்றன. 2000ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அடுத்த ஆண்டு வந்த ஆணையையும் சேர்த்துப் பார்த்தால், 23,000 யூரோவுக்கு மேற்பட்ட மானியத்துக்கு எழுத்து மூலமான ஒப்பந்தம் கட்டாயம். என்ன நோக்கம், எவ்வளவு தொகை, எப்படிச் செலவழிக்க வேண்டும் என்பதோடு, எந்த முறையில் பணம் வழங்கப்படும் என்பதையும் அதில் எழுத வேண்டும். பல ஆண்டுகளுக்குச் சேர்த்து ஒப்பந்தம் போடும் வழக்கமும் உண்டு. அங்கேயும் சங்கத்தார் புலம்பத்தான் செய்கிறார்கள், அது வேறு கதை. ஆனால் பணம் கொடுக்கிறவனும் ஒரு காகிதத்தில் கட்டுப்படுகிறான்.

இதைச் சொன்னால் என் பழைய நண்பர்கள் ஒரே குரலில் சொல்வது எனக்குத் தெரியும். "ஓய், இல்லாத பிள்ளைக்குப் பேர் எழுதி மானியம் வாங்கினவனை நீர் பார்த்ததில்லையா?" பார்த்திருக்கிறேன். ஆய்வுக்குப் போன அன்று மட்டும் எங்கிருந்தோ பாயும் தட்டும் முளைத்த இல்லங்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் யோசித்துப் பாருங்கள், மானியம் ஓராண்டு தாமதமானால் பாதிக்கப்படுவது யார்? இல்லாத பிள்ளை சாப்பிடாது. ஆகவே பொய்க் கணக்குக்காரனுக்குத் தாமதத்தால் நட்டம் இல்லை, வரும்போது வரட்டும் என்று இருப்பான். நிஜமாகவே முப்பது பேருக்கு உலை வைக்கிறவன்தான் தாங்க முடியாமல் கடையை மூடுவான். சல்லடையை நாம் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம். திருடனைப் பிடிக்க ரெவின்யூ ஸ்டாம்ப் உதவாது. சொல்லாமல் ஒரு மாலை நேரம் போய், எத்தனை தட்டு கழுவுகிறார்கள் என்று எண்ணினால் போதும்.

எனக்குத் தோன்றும் மாற்றங்கள் பெரியவை அல்ல. ஏற்கெனவே சரியாக நடக்கும் இல்லத்துக்கு ஏப்ரலிலேயே மூன்று மாதத் தொகையை முன்பணமாகக் கொடுங்கள். கணக்கு வந்ததும் அடுத்த தவணை. ஆட்சேபணைகளைத் துண்டு துண்டாக அனுப்பாமல் ஒரே தடவையில் எழுதுங்கள். இதை நாங்கள் ஒழுங்காகச் செய்திருந்தாலே பாதிக் கோப்புகள் மார்ச்சுக்குள் முடிந்திருக்கும். ரசீதில் ஸ்டாம்ப் இல்லையென்றால் அந்த ரசீதுத் தொகையை மட்டும் நிறுத்துங்கள், மொத்தத்தையும் நிறுத்தாதீர்கள். ஒப்பளிப்பு ஆணையில் பணம் சேரும் தேதி ஒன்றையும் எழுதுங்கள். தவறினால் அலுவலகமும் விளக்கம் தரட்டும். நம் நகராட்சி 2019இல் மாநகராட்சி ஆயிற்று. பெயர்ப் பலகை பெரிதாயிற்று. மாமன்றக் கூட்டத்தில் ஓர் உறுப்பினராவது எழுந்து, எந்தெந்த நிறுவனத்துக்கு எத்தனை மாதப் பாக்கி என்று ஒரு பட்டியல் கேட்டால் நன்றாக இருக்கும். கேட்கிறவர் உறவுக்காரராக இருந்தால் நம் வாசகர்கள் கொஞ்சம் சொல்லிவையுங்கள்.

மஞ்சள் பைக்காரருக்கு விளக்கக் கடிதம் நான்தான் எழுதிக் கொடுத்தேன். கடைக்காரரின் பற்று நோட்டில் ஒவ்வொரு மாதமும் இறங்கிய அரிசியின் தேதி இருந்தது. அதை நகல் எடுத்து இணைக்கச் சொன்னேன். கடிதத்தின் முதல் வரியில், மானியத் தொகை வங்கியில் வரவான தேதியைப் போட்டேன். அதன் கீழே ஒரு கோடும் கிழித்தேன். அந்தக் காலத்தில் எனக்கு இப்படி ஒரு கடிதம் வந்திருந்தால் கோபம் வந்திருக்கும்.

படியிறங்கும்போது அவர் கேட்டார்: "இந்த வருஷத்துக்கு உள்ளது எப்ப சார் வரும்?"

மார்ச்சில் பார்க்கலாம் என்று சொல்ல வாய் வந்தது. "கடைக்காரர் எதுவரை பொறுப்பார்?" என்று கேட்டேன். ஓணம் வரை என்றார்.