கோச் வேலையும் வேலைதான்!

விடியற்காலையில் தோள்பையோடு தென்னூரிலிருந்து அண்ணா ஸ்டேடியத்துக்குக் கிளம்பும் கல்லூரிப் பெண்களைப் பார்த்தால், பக்கத்து மாவட்டத்து சாந்தி சௌந்தரராஜன்தான் நினைவுக்கு வருவார்.

புதுக்கோட்டை கத்தக்குறிச்சிக்காரர். பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளிகள். 2006 தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனையைக் காரணம் காட்டி அந்தப் பதக்கத்தைப் பறித்துவிட்டார்கள்.

ஊர் திரும்பியவர், பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுத்தார். 2012-ல் பிழைப்புக்காகச் செங்கல் சூளைக்கும் போனார். பிறகு பயிற்சியாளர் படிப்பை முறைப்படி முடித்தார். 2016-ல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரத் தடகளப் பயிற்சியாளர் ஆனார்.

உங்கள் மகள் "கோச் ஆகப்போறேன்மா" என்றால், "அதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டுவிடாதீங்க. ஓட்டத்தை இழந்த சாந்தியை மறுபடி மைதானத்துக்குக் கூட்டிவந்தது அந்த வேலைதான்.