வைரஸுக்குச் சாதி தெரியாதாம்!

"நோய்க்குச் சாதி இல்லை" என்று ஒவ்வொரு டிசம்பர் 1 அன்றும் மேடை போட்டுப் பேசுகிறார்கள். சரி, மருத்துவமனையில் சிந்திய ரத்தத்தைத் துடைக்கும் வேலைக்கும், பயன்படுத்திய ஊசி கிடக்கும் குப்பைப் பையைத் தூக்கும் வேலைக்கும் சாதி இல்லையா? தமிழ்நாட்டில் அந்த வேலை யார் தலையில் கட்டப்பட்டிருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். பெரும்பாலும் தலித்துகள், அவர்களிலும் குறிப்பாக அருந்ததியர். துப்புரவுத் தொழிலாளியைத் 'தூய்மைப் பணியாளர்' என்று பெயர் மாற்றியாயிற்று. கைதட்டியும் ஆயிற்று. தடுப்பூசி போட்டாயிற்றா?

தோழர்களே, கணக்கைப் பாருங்கள். எச்.ஐ.வி. உள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. ஹெபடைட்டிஸ் சி என்றால் நூற்றில் ஏறத்தாழ இரண்டு. ஹெபடைட்டிஸ் பி என்றால், தடுப்பூசி போடாதவருக்கு நூற்றில் முப்பது வரை. மூன்றுக்கும் ரத்தம்தான் பொது வழி. அதனால்தான் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களில் உலகம் முழுக்க ஏறத்தாழ 27 லட்சம் பேருக்கு ஹெபடைட்டிஸ் பி-யும், 23 லட்சம் பேருக்கு சி-யும் சேர்ந்தே இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இரண்டும் சேர்ந்தால் கல்லீரல் சுருக்கமும் புற்றுநோயும் விரைந்து வரும். பல ஆண்டுகள் வெளியே தெரியாது. கண் மஞ்சளானால் கீழாநெல்லி அரைத்துக் குடிப்பார்கள். வயிறு வீங்கினால் "குடிச்சே கெட்டான்" என்று ஊர் தீர்ப்பு எழுதிவிடும். தலித் தொழிலாளியின் ஈரல் கெட்டால் சாராயத்தின் மேல் பழி. அவன் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தவர் யார்?

மருந்து இல்லை என்று யாரும் தப்பிக்க முடியாது. எச்.ஐ.வி.க்குத் தரும் டெனோஃபோவிர், லாமிவுடின் மாத்திரைகள் ஹெபடைட்டிஸ் பி-யையும் கட்டுப்படுத்தும். ஆனால் பி இருப்பது தெரியாமல் மாத்திரையை மாற்றினாலோ, ஒருநாள் கூலி போகுமே என்று மையத்துக்குப் போகாமல் மாத்திரை நின்றாலோ, அடங்கியிருந்த வைரஸ் சீறி எழும். சி-யை 12 வார மாத்திரையில் முற்றாகக் குணப்படுத்தலாம். 2013இல் அமெரிக்காவில் ஒரு மாத்திரை 1,000 டாலருக்கு விற்ற சோஃபோஸ்புவிர், இந்தியாவில் மலிவு விலையில் தயாராகிறது. 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.

சட்டமும் இருக்கிறது. மருத்துவக் கழிவைக் கையாளும் 'மற்ற அனைவருக்கும்' ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை உடல் பரிசோதனை செய்ய வேண்டும் என்கின்றன 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள். 'மற்ற அனைவரும்' என்றால் ஒப்பந்தத் தொழிலாளியும்தான். "அது கான்ட்ராக்டர் பொறுப்பு" என்ற பதில் செல்லாது. குழந்தைகளுக்கான ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி நாடு முழுக்கப் பரவியது 2011இல்தான். இன்று துடைப்பம் பிடித்திருப்பவர்கள் அதற்கு முன்பே பிறந்தவர்கள். அவர்களுக்கு இப்போது போட்டால்தான் உண்டு.

ஒரு எச்சரிக்கை. பரிசோதனை என்ற பெயரில் வேலையைப் பறிக்க விடக்கூடாது. எச்.ஐ.வி. உள்ளவரைப் பாகுபடுத்துவதையும், வேலைக்கு நிபந்தனையாகச் சோதிப்பதையும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஹெபடைட்டிஸ் உள்ளவருக்கு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. அதையும் சேர்த்தே கேட்போம்.

மாணவத் தோழர்களே, உங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். எத்தனை ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள்? எத்தனை பேருக்கு மூன்று தவணை தடுப்பூசியும் முடிந்தது? கடந்த ஆண்டு எத்தனை பேருக்கு ஊசி குத்தியது? அவர்களில் எத்தனை பேருக்கு 72 மணி நேரத்துக்குள் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து கொடுக்கப்பட்டது? பதில் வந்ததும் தொழிலாளர்களோடு உட்கார்ந்து படியுங்கள். அடுத்த டிசம்பர் 1 மேடையில் அந்தத் தாளோடு நாம் நிற்போம்.