பெட்டி நம் வீட்டில். சாவி யார் கையில்?

வலங்கைமான் கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடை. ஒரு நாள் காலை கடைக்காரர் வந்து பார்த்தார். ஷட்டர் பூட்டு உடைந்து கிடந்தது. கல்லாவில் இருந்த பணம் "அபேஸ்"!

போலீசார் வந்தார்கள். மேலே நிமிர்ந்து பார்த்தார்கள். "கேமரா இருக்கே! படத்தைக் காட்டுங்க" என்றார்கள்.

கடைக்காரர் செல்போனை எடுத்தார். அமுக்கினார். மறுபடியும் அமுக்கினார். வட்டம் சுற்றியதே தவிர படம் வரவில்லை.

கேமராவில் பழுது இல்லை. விளக்குகூட எரிந்தது. ஆனால் அது பிடிக்கும் படம் கடையில் பதிவாவது இல்லை. எங்கோ இருக்கும் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். அதற்கு "சர்வர்" என்று பெயர். அந்த மாடலுக்கு சர்வரை நிறுத்தி விட்டார்களாம்!

"ஏன் தம்பி, கேமரா வாங்கினது நான். கரண்டு பில் கட்டுறது நான். என் கடைக்கு வந்த திருடனை நான் பார்க்க அவன் உத்தரவு வேணுமா?" என்று என்னைக் கேட்டார்.

திருட்டுச் செய்தி எழுதப் போன எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

இருண்டுபோன டி.வி.க்கள்

இது ஏதோ ஒரு கடைக்காரரின் தலைவிதி என்று நினைத்தால் தப்பு. தமிழ்நாடு பூராவும் இது நடந்திருக்கிறது.

2022-ம் ஆண்டு நவம்பர் 19-ந் தேதி, சனிக்கிழமை. அரசு கேபிள் டி.வி. செட்டாப் பாக்ஸ்கள் திடீரென்று நின்றன. சுமார் 20 லட்சம் வீடுகளில் படம் இல்லை. அதற்கு முந்தைய வாரம்தான் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியிருந்தது. அடுத்த மழை எப்போது என்று டெல்டா விவசாயி டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம்!

ஜனங்கள் பெட்டியைத் தட்டினார்கள். ஒயரைப் பிடுங்கிச் செருகினார்கள். கேபிள்காரரைத் திட்டினார்கள். பாவம், அவர் என்ன செய்வார்? கோளாறு ஒயரில் இல்லை. சாப்ட்வேரில்!

செட்டாப் பாக்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத பூட்டு ஒன்று உண்டு. அதைத் திறக்கும் உத்தரவு கண்ட்ரோல் ரூமில் இருந்து வரவேண்டும். வந்தால் படம். வராவிட்டால் அது வெறும் டப்பா.

சாப்ட்வேர் பார்த்துக்கொண்டது ஒரு தனியார் நிறுவனம். அவர்கள் வேண்டும் என்றே நிறுத்தி விட்டார்கள் என்று அரசு கேபிள் தரப்பு குற்றம் சாட்டியது. பணப் பாக்கித் தகராறு என்றும் பேச்சு அடிபட்டது. யார் பக்கம் நியாயம் என்பதை சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். மாதா மாதம் ஒழுங்காகப் பணம் கட்டிய குடும்பம் என்ன தப்பு செய்தது? இரண்டு பேர் சண்டையில் மூன்றாம் ஆள் வீட்டு விளக்கை அணைப்பதா?

சிம் மாறியது, செல் மாறவில்லை

இன்னொரு சம்பவம். 2018 பிப்ரவரியில் ஏர்செல் கம்பெனி படுத்தது. தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான பேர் கையில் இருந்த போன் ஊமை ஆனது. வேறு கம்பெனிக்கு மாற ஜனங்கள் படாத பாடு பட்டார்கள். ஆனாலும் மாற முடிந்தது. அதே செல்போன், அதே நம்பர், சிம் மட்டும் புதுசு!

செட்டாப் பாக்சுக்கு அப்படி வழி இல்லை. ஒரு கம்பெனி பெட்டி இன்னொரு கம்பெனிக்கு உதவாது. எந்தப் பெட்டியும் எந்தக் கம்பெனிக்கும் பொருந்த வேண்டும் என்று "டிராய்" 2020-ம் ஆண்டு ஏப்ரலிலேயே பரிந்துரை செய்தது. 2022-ல் டி.வி. இருண்டபோது அது நடைமுறைக்கு வந்திருக்கவில்லை.

நாளைக்கு பம்ப் செட்!

டி.வி. தெரியாவிட்டால் குடி முழுகாது. ஆனால் இப்போது வயல் மோட்டாருக்கும் செல்போன் ஸ்டார்ட்டர் வந்துவிட்டது. அரசு மானியமும் உண்டு.

அந்த வசதியை நான் குறை சொல்லவில்லை. ராத்திரியில் பாம்புக்குப் பயந்து வரப்பில் நடந்துபோய் ஸ்விட்ச் போட்ட கஷ்டம் விவசாயிக்குத்தான் தெரியும். ஆனால் எல்லா ஸ்டார்ட்டரும் ஒன்று அல்ல. சிலது போன் அடித்தாலே ஓடும். சிலதுக்குக் கம்பெனி "ஆப்" வேண்டும். அந்தக் கம்பெனி கடையைக் கட்டினால்? தண்ணீர் பாய்ச்ச வேண்டிய நேரத்தில் பயிர் காத்திருக்குமா?

அமெரிக்காவிலும் இதே கதை. 2022 ஏப்ரலில் "இன்ஸ்டியான்" என்ற கம்பெனி சொல்லாமல் கொள்ளாமல் சர்வரை நிறுத்தியது. செல்போனில் விளக்குப் போட்டவர்கள் திண்டாடினார்கள். 2025 அக்டோபரில் கூகுள் கம்பெனி, வீட்டுச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தன் பழைய "நெஸ்ட்" கருவிகளுக்கு ஆப் தொடர்பை வெட்டியது. ஒரே ஆறுதல், சுவரில் இருக்கும் கருவியைக் கையால் திருப்பினால் வேலை செய்யும்.

அதுதான் பாடம். கையால் திருப்பினால் ஓட வேண்டும்!

கடையில் கேளுங்கள்

பொருள் வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். நெட் நின்றால், கம்பெனி போனால், கையால் இயங்குமா? கேமரா படம் நம் கடையிலேயே மெமரி கார்டிலோ, பதிவுப் பெட்டியிலோ இருக்குமா? சர்வர் எத்தனை வருஷம் ஓடும், பில்லில் எழுதித் தருவாயா? மழுப்பினால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். ஏமாந்து போனால் சும்மா இருக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915.

அரசுக்கும் வேலை இருக்கிறது. நெட்டில் இணைகிற பொருளுக்குப் பாதுகாப்பு அப்டேட் எத்தனை காலம் தருவோம் என்று கம்பெனி முன்கூட்டியே சொல்லியாக வேண்டும் என்று இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டம். பிஸ்கட் பாக்கெட்டில் காலாவதித் தேதி போடச் சொல்கிற நம் நாட்டில், பல ஆயிரம் ரூபாய் கேமராப் பெட்டியிலும் ஒரு தேதி போடச் சொன்னால் என்ன? சர்வரை நிறுத்துமுன் "சாவி"யை வாங்கியவர் கையில் கொடுத்துவிட்டுப் போ என்று உத்தரவு போட்டால் என்ன?

நம்ம மளிகைக் கடைக்காரர் இப்போது வேறு கேமரா மாட்டி விட்டார். பதிவுப் பெட்டி கல்லாவுக்குப் பின்னால் பூட்டிய அலமாரியில். சாவி அவர் இடுப்பில்.

"இனிமே என் கடையை நான் பார்த்துக்கிறேன் தம்பி" என்றார்.

பழைய கேமரா பரண் மேல் கிடக்கிறது. பூட்டை உடைத்தவன் இன்னும் சிக்கவில்லை. சிக்கினால் ஜெயில். கேமராவின் கண்ணைக் குருடாக்கியவர்களைக் கேட்பது யார்?